முதலில் நேராகக் கோர்க்கட்டும், நிறத்தை அப்புறம் பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாஸ் என்னும் நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்க உதவும் ரப்பர் மீன்களை, அதாவது மீன் வடிவில் வரும் மிருதுவான போலி இரைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். தமிழில் இந்த விஷயத்தை எழுத ஆள் கிடைப்பதே அபூர்வம். அதற்கு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. எனக்கு ஒரு மனக்குறை மட்டும் உண்டு. கட்டுரையில் முக்கால்வாசி நிறத்தைப் பற்றியே இருந்தது. கலங்கல் தண்ணீருக்கு ஒரு நிறம், தெளிந்த தண்ணீருக்கு ஒரு நிறம், மேகம் போட்டிருந்தால் இன்னொன்று. முள்ளில் கோர்ப்பதற்குக் கிடைத்தது ஒரே வரி: மாட்டி, வீசி, ரீலைச் சுற்றினால் போதும் என்று. புதிதாகத் தூண்டில் கம்பைக் கையில் எடுப்பவர் அந்த வரியை நம்பித்தான் கரைக்குப் போவார். மீன் சிக்காமல் திரும்பி வந்து, நிறம்தான் காரணம் என்று நினைத்து இன்னும் சில பொட்டலங்கள் வாங்குவார். அவருக்காகத்தான் இந்தக் கடிதம்.

ரப்பர் மீனில் பாஸ் சிக்குவதும் சிக்காததும் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் முடிந்துவிடுகிறது. ரப்பர் முள்ளில் நேராக ஏறியிருக்கிறதா? சரியான வேகத்தில் வருகிறதா? நிறம் இதற்கெல்லாம் பிறகு.

கட்டுரையோடு வந்த படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முள் வெளியே வரும் இடத்துக்குச் சற்று முன்னால் ரப்பர் சுருங்கி மேடாக எழும்பி நின்றது. அப்படியே தண்ணீரில் போட்டால் அது நீந்தாது, புரளும். அடுத்த முறை பக்கவாட்டில் ஒரு படம், நேர் மேலிருந்து ஒரு படம் என இரண்டு போடுங்கள். ரப்பர் இடமோ வலமோ கோணியிருந்தால் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கோணலுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், வால் வேலை செய்யும் விதம் அப்படி. வாலின் நுனியில் தட்டையான ஒரு துடுப்பு இருக்கும். உடலும் துடுப்பும் சேரும் இடம் மெலிந்திருக்கும். இழுக்கும்போது தண்ணீர் அந்தத் துடுப்பில் மோதி, ஒரு முறை இந்தப் பக்கம், மறு முறை அந்தப் பக்கம் என்று சுழல்களாகக் கழன்று போகிறது. அதனால் வால் இடமும் வலமும் அடிக்கிறது. வால் ஒரு பக்கம் அடிக்க, உடல் மறுபக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் இரை மீன் நீந்துவது போலத் தெரியும். பாஸின் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு தண்ணீரில் எழும் தாழ்ந்த அதிர்வுகளை உணரக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத கலங்கலிலும் வால் அடிப்பது அதற்குத் தெரிந்துவிடும். ரப்பர் கோணலாக ஏறியிருந்தால் அந்த வளைவே சுக்கானாக மாறி ஒரே பக்கம் தள்ளும். வேகம் கூட்டினால் குப்புறக் கவிழ்ந்து சுழல ஆரம்பிக்கும். கூடவே தூண்டில் நரம்பும் முறுக்கேறும். ஸ்பின்னிங் ரீல் வைத்திருப்பவர்களுக்கு அதற்கப்புறம் வீசும்போதெல்லாம் நரம்பு சுருள் சுருளாக வந்து சிக்கும். பழி ரீல் மீது விழும்.

ஈயத் தலை வைத்த முள்ளில், அதாவது ஜிக் ஹெட்டில், நான் கோர்ப்பது இப்படி. முதலில் முள்ளை ரப்பர் மீனின் பக்கத்தில் வைத்து அளந்துகொள்வேன். ஈயத் தலையின் பின்புறம் ரப்பரின் மூக்கோடு சேர்ந்திருக்க, முள்ளின் வளைவு எங்கே வருகிறதோ அந்த இடத்தில் முதுகில் நகத்தால் ஒரு கீறல். நுனி வெளியே வர வேண்டிய இடம் அது. ரப்பரை வார்த்த அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த தடம் பல ரப்பர் மீன்களின் முதுகில் மெல்லிய கோடாக ஓடும். கீறல் அந்தக் கோட்டின் மேலேயே விழ வேண்டும். பிறகு மூக்கின் நட்டநடுவில் நுனியைக் குத்தி, ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக முள்ளின் மேல் ஏற்றுவேன். பாவாடைக்கு நாடா கோர்க்கும்போது துணியைச் சுருக்கிச் சுருக்கி ஊக்கின் மேல் ஏற்றுவோமே, அதே கைவேலைதான். முள் வளைகிற இடத்தில் ரப்பரையும் அதற்கேற்ப வளைத்துக் கொடுக்க வேண்டும். கீறல் வந்ததும் நுனியை வெளியே எடுத்து, சுருங்கிக் கிடக்கும் ரப்பரைத் தலைப்பக்கமாக நீவிவிட்டு, மூக்கை ஈயத்தோடு ஒட்டவைக்க வேண்டும்.

கீறலுக்கு முன்பே நுனியை வெளியே எடுத்துவிட்டால் ரப்பர் இழுபட்டு நிற்கும், மூக்கு ஈயத்தோடு சேராது. கீறலைத் தாண்டி எடுத்தால் மிச்ச ரப்பர் மேடாக எழும்பும். உங்கள் படத்தில் இருந்தது இரண்டாவது வகை. கோர்த்து முடித்ததும் கண் உயரத்துக்குத் தூக்கி, மூக்கிலிருந்து வாலை நோக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். முதுகுக் கோடு, முள், வால் மூன்றும் ஒரே நேரில் இருந்தால் சரி. கொஞ்சம் விலகியிருந்தாலும் கழற்றிக் கோர்ப்பதே நல்லது. மறுபடி கோர்க்கும்போது முள் பழைய துளையிலேயே போகப் பார்க்கும், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. மூக்கும் ஈயமும் சேரும் இடத்தில் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டுவிட்டால் வீசும் வேகத்தில் ரப்பர் கீழே இறங்கி வராது.

சில நேரம் நாம் சரியாகவே கோர்த்திருப்போம், ரப்பரே பொட்டலத்தில் மடங்கிக் கிடந்து வால் கோணியிருக்கும். கொதிக்கவைத்த தண்ணீரில் சில நொடிகள் முக்கி எடுத்து, நேராகக் கிடத்தி ஆறவிட்டால் வால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆறியதும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்தால் அந்த வடிவம் நிலைக்கும். இந்த ரப்பர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மிருதுவாக்கப்பட்ட பி.வி.சி. பிளாஸ்டிக். வேறு வகை மிருதுப் பிளாஸ்டிக்கில் செய்ததை இதோடு ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இளக்கிப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். வந்த பொட்டலத்திலேயே தனித்தனியாக வைத்திருப்பதுதான் பாதுகாப்பு.

பாசியும் மூழ்கிய மரக்கிளைகளும் உள்ள இடத்தில் ஜிக் ஹெட் ஆகாது. திறந்த நுனி எதிலாவது மாட்டிக்கொண்டே வரும். அங்கே தண்டில் ஈயம் வைத்த, நரம்பு கட்டும் கண்ணருகே சுருள் கம்பி உள்ள அகல வளைவு முள்ளைப் பயன்படுத்துகிறோம். 4 அங்குல ரப்பருக்கு 4/0 அளவு முள், 5 அங்குலத்துக்கு 5/0 அல்லது 6/0 (இந்த எண் கூடக் கூட முள் பெரிது). மூக்கைச் சுருளில் திருகி ஏற்றி, முள்ளை வயிற்றுப் பக்கமாகக் குத்தி முதுகில் எடுத்து, நுனியைத் தோலுக்குள் லேசாக மறைத்துவிட வேண்டும். நிக் க்ரீம் என்பவர் 1949இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் தூண்டிலுக்கான மிருதுவான பிளாஸ்டிக் புழுவைச் செய்தார். அதன் பிறகு டெக்சாஸ் பக்கத்து மீன்பிடிப்பாளர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த, முள் நுனியைப் புழுவுக்குள் மறைக்கும் யோசனையின் நீட்சிதான் இது. சுருளைத் திருகும்போதும் அதே விதிதான், மூக்கின் நடுவில் இறங்க வேண்டும். ஓரமாக இறங்கினால் மீன் தலையைச் சாய்த்துக்கொண்டே வரும்.

எடையைப் பொறுத்தும் நீந்துவது மாறும். ஈயம் வயிற்றுக்குக் கீழே இருப்பதால் ரப்பர் கவிழாமல் நிற்கிறது. அதையே அதிகமாக்கினால் உடல் சாய்ந்து நிமிரும் அசைவு அடங்கிவிடும், வால் மட்டும் அடிக்கும். ஆழமில்லாத இடத்தில் 1/8 அவுன்ஸ் முள் போதும். ஆழத்துக்கு ஜிக் ஹெட்டில் 3/8 அல்லது 1/2 அவுன்ஸ் தேவைப்படும். ஆழத்தை எட்டக்கூடிய மிகக் குறைந்த எடை எதுவோ அதை எடுப்பதே என் வழக்கம்.

இத்தனையும் செய்துவிட்டு நேராக வீசிவிடாதீர்கள். என்னோடு மீன்பிடிக்க வரும் ஒரு தம்பி உண்டு. நல்ல கை, வீச்சும் சுத்தம். ஒரு காலைப்பொழுது முழுவதும் அவருக்கு ஒரு கடி கூட இல்லை.

“அண்ணே, இந்தக் கலர் இன்னைக்கு எடுபடாது போல.”

“கலர் இருக்கட்டும் தம்பி. நம்ம காலடியில ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.”

கம்பின் நுனியிலிருந்து ஒரு முழ நரம்பு தொங்கவிட்டு, கரையோரத் தெளிந்த தண்ணீரில் இடமிருந்து வலமாக இழுத்தார். ரப்பரின் வெள்ளை வயிறு மேலே தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. முள் முதுகுக் கோட்டை விட்டு ஒரு நெல்மணி அகலம் விலகி வெளியே வந்திருந்தது. அவ்வளவுதான். கழற்றிக் கோர்த்து மறுபடி இழுத்தபோது வயிறு கீழேயே இருந்தது, வால் மட்டும் துடித்தது. அந்தத் துடிப்பு கம்பின் வழியாகக் கைப்பிடி வரை வந்ததை அவரே சொன்னார். அதே நிற ரப்பரில்தான் அன்று அவருக்கு மீன் சிக்கியது. ஒவ்வொரு முறை புதிதாகக் கோர்த்த பிறகும், ஒவ்வொரு கடிக்குப் பிறகும் இந்தக் காலடிச் சோதனையைச் செய்ய வேண்டும். கடித்த மீன் ரப்பரைக் கீழே இழுத்துவிட்டிருக்கும்.

இனி இழுப்பது. வேகமாகச் சுற்றுவதுதான் பலருக்குக் கைப்பழக்கம். ரப்பர் மீனுக்கு எந்த வேகம் சரி என்பதை அதே காலடித் தண்ணீரிலேயே தெரிந்துகொள்ளலாம். மிக மெதுவாக இழுக்கத் தொடங்கி, வால் எந்த இடத்தில் உயிர் பெறுகிறது என்று பாருங்கள். அதற்கு ஒரு சொட்டு மேலே இருப்பதுதான் அடிப்படை வேகம். தண்ணீர் குளிராக இருக்கும்போது இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. பாஸ் தன் உடல் வெப்பத்துக்குத் தண்ணீரை நம்பியிருக்கும் உயிர். குளிரில் அதன் உடல் இயக்கமே மந்தமாகிவிடும், வெகுதூரம் துரத்தி வராது. குளிரில் ரப்பரும் விறைக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கோடையில் அழகாக அடித்த வால் அப்போது அதே வேகத்தில் அசையாமல் வரும். வால் சேரும் இடம் இன்னும் மெலிந்த, இன்னும் மிருதுவான வால் உள்ளதை அப்போது எடுக்க வேண்டும்.

மெதுவாகச் சுற்றுவது கேட்பதற்குச் சுலபம், செய்யும்போது கை தானாக வேகம் பிடித்துவிடும். அங்கே ரீலின் பல்சக்கர விகிதம், அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நரம்புச் சுருள் எத்தனை முறை சுழலும் என்ற கணக்கு, உதவும். 7:1க்கு மேற்பட்ட ரீல்கள் பொதுவாகக் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 30 அங்குலத்துக்கு மேல் நரம்பை இழுக்கும். 5:1 சொச்சம் உள்ளவை 20 அங்குலத்தை ஒட்டி இழுக்கும். பொறுமையை மட்டும் நம்புவதைவிட வேகம் குறைந்த ரீலை நம்புவது மேல். நரம்பிலும் வித்தியாசம் உண்டு. ஃப்ளோரோகார்பன் என்னும் ஒற்றை இழை நரம்பு தண்ணீரில் மூழ்கும், பல இழைகளைப் பின்னிய நரம்பு மிதக்கும். ஒரே எடை, ஒரே வேகம் என்றாலும் முதலாவதில் ரப்பர் ஆழத்தில் வரும், இரண்டாவதில் மேலே ஏறி வரும்.

ஆழத்தைப் பிடிப்பதற்கு எண்ணுவதுதான் வழி. வீசியதும் ரப்பர் தரையைத் தொடும் வரை மனதுக்குள் எண்ணுங்கள். தொட்டதும் நரம்பு தளரும். அடுத்த வீச்சில் அதைவிட ஓரிரு எண்ணிக்கை குறைவாக விட்டுச் சுற்ற ஆரம்பித்தால் தரைக்குச் சற்று மேலே வரும். பாஸின் கண் அமைப்புக்குத் தன் மட்டத்திலும் அதற்கு மேலும் போகும் இரை நன்றாகத் தெரியும். அதனால் மீனுக்குக் கீழே இழுப்பதைவிடக் கொஞ்சம் மேலே இழுப்பது எப்போதும் நல்லது. வழியில் ஒரு கிளையோ கல்லோ தட்டினால் சந்தோஷப்படுங்கள். தட்டித் திசை மாறி, ஒரு கணம் தடுமாறி மறுபடி நீந்தும் அந்த நொடியில்தான் பின்னால் வந்துகொண்டிருந்த மீன் பாய்கிறது. தட்டுவதற்கு ஒன்றும் இல்லாத திறந்த நீரில், கைப்பிடியை அரைச் சுற்று சடாரென்று சுற்றிவிட்டுப் பழைய வேகத்துக்கு வந்தாலும் அதே வேலை நடக்கும். ஓயாமல் கம்பை ஆட்டிக்கொண்டிருப்பது வேண்டாம். ஆடும் வேலையை வால் பார்த்துக்கொள்ளும்.

நிதானமாகச் சுற்றுவதற்கு எவ்வளவு வலு உண்டு என்பதை 2011 அக்டோபரில் அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் உலகமே பார்த்தது. ஒரே தலையிலிருந்து ஐந்து கம்பிகள் பிரிந்து, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு ரப்பர் மீன் தொங்கும் அமைப்பை இழுத்து, பால் எலியஸ் என்ற போட்டி மீன்பிடிப்பாளர் நான்கு நாள் பாஸ் பிடிக்கும் போட்டியில் மொத்தம் 102 பவுண்டுக்கு மேல் மீன் எடைகாட்டி வென்றார். அலபாமா ரிக் என்று அதற்குப் பெயர் ஆயிற்று. அடுத்த ஆண்டே பெரிய போட்டித் தொடர் ஒன்று அதற்குத் தடை போட்டது. ஒரு நரம்பில் எத்தனை முள் இருக்கலாம் என்பதற்கு இடத்துக்கு இடம் விதி வேறு, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வருவது, அந்த ஐந்தில் ஒன்று கோணலாகக் கோர்க்கப்பட்டிருந்தால் கூட அது சுழன்று பக்கத்துக் கம்பியில் சுற்றி மொத்தத்தையும் கெடுத்துவிடும். ஐந்துக்கு வேண்டிய கவனம் ஒன்றுக்கும் வேண்டும்.

கடிக்கும் நேரத்தில் பொறுமை வேண்டும். பாஸ் வாயை அகலத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சி எடுக்கும். சில நேரம் முதலில் வாலில் ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டு கைக்கு வந்ததும் கம்பை வெடுக்கென்று இழுத்தால் மீனின் வாயிலிருந்து ரப்பரைப் பிடுங்கியதாகிவிடும். அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருங்கள். கம்பு வளைந்து கனம் ஏறியதும் பக்கவாட்டில் நீளமாக ஒரு வீச்சு இழுத்தால் போதும், ஜிக் ஹெட்டின் திறந்த முள் தானாகப் பதியும். நுனி மறைத்த முள்ளுக்கு மட்டும் அதைவிடக் கொஞ்சம் அழுத்தம் தேவை, ரப்பரைக் கிழித்துக்கொண்டு முள் வெளியே வர வேண்டுமே.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. அந்த நீரில் இருக்கும் இரை மீன் எந்தச் சாயலோ அதற்குக் கிட்டத்தட்ட ஒன்று, கலங்கலுக்கு அடர்ந்த ஒன்று. இரண்டு பொட்டலம் போதும். அளவு அதைவிட முக்கியம். கலிஃபோர்னியாவின் நீர்த்தேக்கங்களில் வளர்த்துவிடப்படும் டிரவுட் மீன்களைத் தின்று பாஸ் பெருத்ததைப் பார்த்துத்தான் அங்கே 8 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிரவுட் வடிவ ரப்பர்கள் பிறந்தன. மற்ற இடங்களில் இரை சிறியதாக இருந்தால் 3, 4 அங்குலமே நன்றாக வேலை செய்யும்.

கடைசியாக, உங்கள் கட்டுரை தொடாத ஒன்றை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். கிழிந்த ரப்பரைத் தண்ணீரில் எறிகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். மூக்கு கிழிந்ததும் பிய்த்து அப்படியே ஏரியில். அது மக்காது. தண்ணீரில் கிடந்து ஊதிப் பெரிதாகும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள சார்ல்ஸ்டன் ஏரியில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஏரியில் கிடந்த ரப்பர்களோடு, ஸ்மால்மவுத் பாஸ், லேக் டிரவுட் மீன்கள் சிலவற்றின் வயிற்றுக்குள்ளும் அவை இருந்தது பதிவாகியிருக்கிறது. உணவென்று நினைத்து மீன் விழுங்கியது செரிக்காமல் உள்ளேயே கிடக்கும். நாம் தேடிப் போகும் மீனுக்கு நாமே செய்யும் கெடுதல் இது, மனது கேட்கவில்லை. நேராகக் கோர்த்து, மூக்கில் பசை வைத்தால் ரப்பர் கிழிவதும் முள்ளிலிருந்து கழன்று விழுவதும் வெகுவாகக் குறையும். அப்படியும் கிழிந்ததைப் போடச் சட்டைப்பையில் ஒரு சின்னப் பை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கு மட்டும் கிழிந்திருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டு, குட்டையான முள்ளில் மறுபடி கோர்த்தால் இன்னும் சில மீன்களுக்கு அதே ரப்பர் தாங்கும்.

இப்படிக்கு,
பாஸ் மீன் பிடிக்கும் உங்கள் நீண்டநாள் வாசகர்